உச்சிவேளை

இல்லை என்றாள் அவள். கணவரின் குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் கிடையாது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருந்தார். நாற்பத்தேழு வயது. நேற்று மதியம் பனியன் கம்பெனியில், மின்விசிறிக்கு அடியில், உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார்.

நர்ஸ் படிவத்திலிருந்து நிமிர்ந்தாள். அவருடைய அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டாள்.

"முனி அடிச்சு. கெணத்தடியில. உச்சி நேரத்துல."

வயது?

நாற்பத்தாறு. பெரியப்பாவையும் முனிதான் அடித்தது. அதே கிணற்றடி.

நர்ஸ் சிரிக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்களா, வியர்த்ததா என்று மட்டும் கேட்டாள்.

மாமியார் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. மாமனாரின் தோளில் கிடந்த துண்டைப் பிழிந்தால் சொட்டுமாம்.

'உண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு நர்ஸ் போய்விட்டாள்.



முனிக்குப் பயந்துதான் திருப்பூருக்கே குடி வந்தார்கள். ஆனாலும் ஆடி தவறாமல் ஊருக்குப் போய்ப் படைத்தார்கள். கிடா, சாராயம், சுருட்டு. படைத்ததை எல்லாம் வீட்டு ஆண்கள்தான் தீர்க்க வேண்டும். கொழுப்புத் துண்டாகப் பார்த்து அவர் இலையில் அள்ளி வைத்தது அவள்தான்.

உச்சிவேளையில் அந்த வீட்டு ஆண்கள் வாசல் தாண்டுவதில்லை.

இங்கே கிணறு ஏது? முனி என்ன பஸ் ஏறியா வந்தது?

கூடவே வந்திருக்கிறது. நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு.

போன் அடித்தது. ஊரிலிருந்து கொழுந்தனார். நாற்பத்து மூன்று வயது. தனிக்கட்டை.

"அண்ணனப் பாக்கணும்னு காலையிலயே கெளம்பப் பாத்தேன் அண்ணி. என்னமோ நெஞ்சு கரிக்குது. வேர்த்து வேர்த்துக் கொட்டுது. அதான் உக்காந்துட்டேன்."

அவள் எழுந்துவிட்டாள்.

"தம்பி, யாரையாவது கூப்பிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே!"

"இந்நேரத்துலயா?" அவர் குரலைத் தணித்தார். "உச்சி சாயட்டும் அண்ணி. பயப்படாதீங்க, உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டுதான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டார்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பன்னிரண்டுகூட ஆகவில்லை.