நம்பர் குத்தும் மெஷின்

"இனிமே கழிச்ச பெட்டி ஒண்ணுகூடக் குடோனுக்குள்ள போகாதுலே! எவன் உள்ள விட்டாலும் நம்பர் காட்டிக் குடுத்துரும்." மேஜைமேல் இருந்த இரண்டு மெஷின்களையும் புதுமாப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார் கருத்தப்பாண்டி முதலாளி.

இது நடந்தது அறுபத்திரண்டில், தாயில்பட்டிப் பக்கம் அவருடைய பட்டாசுக் கம்பெனியில். மெஷின் விற்க ஒருவர் மதுரையிலிருந்து வந்திருந்தார். ஒன்று உள்ளங்கையில் அடங்கும்; அமுக்கினால் எண்ணிக்கை கூடும். மற்றது கைப்பிடி வைத்தது. பெட்டியில் ஒரு குத்துக் குத்தினால் எண் விழும், அடுத்த குத்துக்கு எண் தானே மாறும்.

முதலாளி விலையை இரண்டு தடவை கேட்டார். "அப்புறம் பேசிக்கலாம்" என்று இரண்டு தடவையும் மழுப்பிவிட்டார் வந்தவர்.

அதுவரை குடோனில் சாக்பீஸ்தான். ஐந்து பெட்டி சரிபார்த்தால் மேல் பெட்டியில் நாலு கோடு கிழித்து, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார்கள். கோடு இருந்தால் சரக்கு உள்ளே போகும். போட்டது யார் என்று கோடா சொல்லும்?

போன சித்திரையில் ஒருநாள் லோடுக்கு ஐந்து பெட்டி குறைந்தது. சூடேறிப்போன சரக்கு என்று மேஸ்திரி சுடலை ஒதுக்கிவைத்த ஐந்து பெட்டிகளுக்கு யாரோ கோடு போட்டுவிட்டார்கள். மத்தியானம் குடோன் வெடித்தது. உள்ளே அடுக்கிக்கொண்டிருந்த சுடலையின் பெண்சாதி சோலையம்மாள் வெளியே வரவில்லை.

தெறித்து விழுந்த அந்தப் பெட்டிப் பலகை ஒன்றில் கோடுகள் மிச்சமிருந்தன. குறுக்குக் கோடு வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. "லோடுமேன் எவனாவது இருப்பான்" என்று முதலாளி கைகழுவிவிட்டார். கோடு போட்டவனை விடமாட்டேன் என்று சுடலை சுடுகாட்டிலேயே கத்தினான்.

மெஷின் வாங்கலாம் என்று நச்சரித்தவனும் அவன்தான்.

"கைப்பிடி வச்சதே தேவல மொதலாளி. எம்புட்டு வேகமா குத்த முடியுதுன்னு பாப்போம். இவரு இருவது எண்ணுறதுக்குள்ள இருவது காலிப் பெட்டி. எல்லாரும் குத்தட்டும்" என்றான்.

ஆண்டிச்சாமி பதினான்கு குத்தினான். நாகையா பதினாறு. விழுந்த எண்ணை வந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குத்துகிறவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவனும் குத்தி முடிக்க முடிக்கச் சுடலையின் முகம் சுண்டிக்கொண்டே போனது.

"தள்ளுங்கலே, சோம்பேறிப் பயலுகளா!" என்று முதலாளி எழுந்தார்.

"உங்களால முடியுமா மொதலாளி? நோகாம ஒக்காந்திருக்கீக" என்று சீண்டினான் சுடலை.

ரோசம் வந்துவிட்டது முதலாளிக்கு. வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் சாப்பிடுவதும் கையெழுத்துப் போடுவதும் வலது கையால்தான். சின்ன வயதில் வாத்தியார் பிரம்பால் அடித்துப் பழக்கியது. அவசரத்தில் பிரம்பு யாருக்கு ஞாபகம் இருக்கும்? இருபது பெட்டியிலும் இடது கைதான் டக்டக்கென்று குத்தித் தள்ளியது.

"இருவது!" மூச்சு வாங்கச் சிரித்தார். "எப்பிடிலே?"

சுடலை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். மெஷின் விற்க வந்தவர் பக்கம் திரும்பினான்.

"ஏட்டையா, அன்னைக்குக் கோட்ட எதிர்ப்பக்கம் சாச்சுப் போட்ட கை இதுதான்."