டோர்ஸ்டனின் பேய்க் கடிகாரம்

உலக இலக்கிய வரலாறு குறித்துக்கொள்ளவேண்டிய செய்தி: ஸ்வீடனின் எல்வ்ஹாமர் என்ற சிற்றூர், எழுத்தாளர் டோர்ஸ்டனின் பேனாவுக்குப் பயந்து நடுங்கியது.

உள்ளூர் வாரப் பத்திரிகையில் அவர் எழுதிய திகில் தொடரில், வாரம் ஒரு பொருளைப் பேய் பிடித்தது. ஆடும் நாற்காலியைப் பிடித்த வாரம், ஊர்க் குப்பைக் கிடங்கில் ஒன்பது நாற்காலிகள் குவிந்தன.

இந்த வாரம் சுவர்க் கடிகாரம். எதிர்வீட்டு சிக்ரிட் ஒரு பெரிய கடிகாரத்தோடு மூச்சிரைக்க வாசலில் நின்றாள்.

"டோர்ஸ்டன், கதையில வர்றது இதே மாதிரிக் கடிகாரம்தானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க!"

டோர்ஸ்டன் அவள் பின்னால் எட்டிப் பார்த்தார். "உன் புருஷன் ரூனே எங்கே?"

"தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். காலையிலேருந்து வாயே திறக்கல."

"ஐயோ, எல்லாம் கற்பனைம்மா! அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. தொடரையே நிறுத்திடறேன்!"

"நிறுத்தவா? நல்லா இருக்கே! இந்தக் கடிகாரம் என் புருஷனோட அக்கா எங்க கல்யாணத்துக்குக் கொடுத்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து, சுவர்ல இருக்கான்னு பாப்பா. முப்பது வருஷமா தூக்கிப் போட முடியல. சாபம்னு சொன்னா அவளும் கோவிச்சுக்க முடியாது, என் புருஷனாலயும் எதிர்த்துப் பேச முடியல."

டோர்ஸ்டன் மெல்ல நிமிர்ந்தார். "கதை அவ்வளவு பயமா இருக்கா?"

"கதையா? அத யாரு படிச்சா? தலைப்புல பொருள் பேர் இருக்கே, போதும். அடுத்த வாரம் எங்க மாமியாரோட பழுப்பு சோபாவப் போடுங்களேன்."

அடுத்த வாரத் தலைப்பு 'பழுப்பு சோபா' என்று அச்சாகியிருந்தது.