வழவழப்பாக ஒரு சிக்கன் டிப்

“இந்தாம்மா, இன்னும் திப்பி திப்பியா இருக்கு. இன்னொரு சுத்து விடு,” என்று ஸ்பூனைக் கழுவுதொட்டியில் போட்டார் கணவர்.

அவள் மறுபடியும் மிக்ஸியை ஓட்டினாள். வேகவைத்துப் பிய்த்த கோழி, க்ரீம் சீஸ், கெட்டித் தயிர், வதக்கிய பூண்டு. அரைத்துக் கலந்தால் முடிந்தது, பார்ட்டிக்கு இதைவிட சுலபமான ஐட்டமே கிடையாது என்று கூட வேலை பார்க்கிறவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். சுலபம்தான், இந்த மனுஷர் பக்கத்தில் நிற்காமல் இருந்தால்.

மிளகுத்தூளை எடுத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“காரம் இல்லாம யாருங்க தொடுவாங்க?”

“வர்றவங்களுக்குப் போட்டுக்கோ. எனக்கு மட்டும் முதல்லயே தனியா எடுத்து வச்சிடு.”

அவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது என்று வருஷக்கணக்காக ஊருக்கே சொன்ன குரல். திங்கட்கிழமையிலிருந்து அந்த மைக் முன்னால் ஒரு புதுப் பெண் உட்காரப்போகிறாள். நாளைக் காலையில் இவர்கள் கிளம்ப வேண்டும். கட்டிய பெட்டி வாசலோரம் இருந்தது. இந்த நேரத்தில் விருந்து எதற்கு என்று அவள் கேட்டுப் பார்த்தாள். எல்லாரையும் ஒருமுறை உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று அடம்பிடித்தவர் அவர்தான்.

சாயங்காலம் கண்டக்டர்கள், டிக்கெட் கவுண்டர்காரர், அவளுடைய தம்பி என்று வீடு நிறைந்துவிட்டது. சிப்ஸையும் வெள்ளரித் துண்டுகளையும் தோய்த்துத் தோய்த்துக் கிண்ணத்தை வழித்துவிட்டார்கள். அத்தான் இல்லாவிட்டால் பஸ்ஸெல்லாம் வழி தெரியாமல் முழிக்கும் என்றான் தம்பி. அவர் மைக் குரலிலேயே ஒருவரை சோபாவுக்கும் இன்னொருவரை மோடாவுக்கும் அனுப்பிவைத்தார். பழைய கதைகளையெல்லாம் வாய் ஓயாமல் சொன்னார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கவுண்டர்காரர் மட்டும் போன் வந்த மாதிரி பால்கனிக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

வந்தவர்கள் போனதும் வீடு வெறிச்சோடிவிட்டது. தனியாக எடுத்து வைத்த சின்னக் கிண்ணத்தை அவள் கொண்டுவந்தாள். சீக்கிரம் சாப்பிட்டுவிடச் சொன்னாள். அப்புறம் தண்ணீர்கூடக் கூடாது என்று ஞாபகப்படுத்தினாள்.

ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். விழுங்க மனசில்லாதவர் மாதிரி வெகுநேரம் அப்படியே இருந்தார்.

“பூண்டு நல்லா தெரியுது,” என்றார் மெதுவாக. “தயிரோட புளிப்பு… கடைசியில லேசா ஒரு இனிப்பு.”

கிண்ணம் காலியாகும்வரை அவள் எதிரிலேயே நின்றாள். பிறகு அதை வாங்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் அவருக்குக் கூச்சம், அப்புறம் அதுவே பழக்கம். இத்தனை வருஷத்தில் அவரிடம் அதை அவள் ஒரு குறையாகச் சொன்னதில்லை. இன்றைக்கும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள்.

“என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடுங்க,” என்றாள். “காலையில நாக்கை எடுத்துடுவாங்கல்ல.”