நாய் தின்ற சீர்த் தாம்பாளம்

"என் சீர்த் தாம்பாளத்துல நாய்க்குச் சோறு வச்சிருக்கீகளே ஐயா, இது அடுக்குமா?" புஷ்பவள்ளியின் சத்தத்தில் அமராவதிபுதூர்த் தெருவே வேலையைப் போட்டுவிட்டு வேலியோரம் நிற்கிறது. யுத்தகாலத்துப் பழைய வேன் ஒன்றில் கட்டிலும் அடுப்பும் பொருத்தி, மூன்று நாய்களோடு கண்மாய்க்கரைகளில் தங்கித் திரியும் அவள் அப்பன் கோட்டைச்சாமி இப்போதுதான் வந்திறங்கியிருக்கிறார். அவள் கல்யாணத்துக்கென்று பேர் வெட்டி, புழங்காமல் பரணில் வைத்திருந்த பித்தளைத் தாம்பாளத்தை அவர் வந்ததும் எடுத்து நாய் முன்னால் வைத்திருக்கிறார்; அது வெயிலில் மின்னுகிறது. அவள் பேரின் மேல் சிவப்பு நாக்கொன்று ஓடுகிறது. "கழுவுனாப் போச்சு, ஆத்தா." "அப்ப இந்த நாயவே மணவறையில ஒக்கார வைங்க!" நாய் வாலாட்டுகிறது. அடுத்து வந்த தையில் அவள் ஒக்கூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். அப்பன் பார்க்கப் போனால் சோறு வேனுக்கே வருகிறது, இலையில். வீட்டு ஏனம், பாத்திரம் எதையும் அவர் கையில் அவள் கொடுப்பதில்லை.