ஓரவான் அறுத்த மாலை

செவ்வாய்க்குப் போகும் அந்தச் சிறு விண்கப்பலுக்குள் அக்கா ஓரவான் கத்துகிற கத்தலில் பூமியில் இருக்கும் கோழிகள்கூட முட்டையிட மறந்திருக்கும். காற்று எங்கோ கசிகிறது. அளவு காட்டும் முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஓட்டை மட்டும் அகப்படவில்லை. தம்பி கித்தியோ கப்பலின் மூக்குப் பக்கம் மிதந்தபடி, தொட்டியில் பூத்த மல்லிகையை மாலையாக்கி, வண்டி வாகனங்களைக் காக்கும் தெய்வமான படகுத் தாய்க்குக் கட்டுகிறான். "மூச்சு விடக் காத்தில்ல, உனக்குப் பூ கேக்குதாடா?" "தாய்க்குத் தினமும் கட்டணும்க்கா. பாங்காக்ல டாக்சிக்காரன்கூடக் கட்டுறான்." "அப்ப டாக்சி பிடிச்சு வீட்டுக்குப் போ!" வெடுக்கென்று அவள் இழுத்ததில் மாலை அறுகிறது. சிவப்பு விளக்கொளியில் மொட்டுகள் சிதறுகின்றன. கித்தியின் கண்ணில் நீர் உருண்டு திரள்கிறது, கீழே விழ வழியில்லாமல். ஆனால் மொட்டுகள் சும்மா மிதக்கவில்லை. கோயிலுக்குப் போகும் கூட்டம்போல வரிசை பிடித்துப் படுக்கைக்கு அடியில் நுழைந்து, சுவரின் ஒரு மூலையில் அப்பிக்கொள்கின்றன. ஓரவான் பாய்ந்துபோய் அங்கே உள்ளங்கையை அழுத்துகிறாள். முள் நிற்கிறது. அவள் வாய் மட்டும் நிற்கவில்லை. "என்னடா வாயைப் பிளந்துட்டு மிதக்குற? ஒட்டுத் தகட்டைக் கொண்டா! அப்புறம் தாய்க்கு வேற மாலை கட்டு. இதைவிடப் பெருசா இல்லேன்னா, உன்னைத் தொலைச்சிடுவேன்!"