முடிதிருத்தகத்துக்கு வந்த ஸ்கேன்

மூளை அறுவைச் சிகிச்சை மருத்துவர் இளம்பரிதி முடிவெட்டிக்கொண்டிருந்தபோது கைபேசிக்கு அந்த அவசர ஸ்கேன் வந்தது. போர்த்தியிருந்த துணிக்குள்ளிருந்து கையை எடுத்து, படத்தை இரண்டு விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார். ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் ரத்தம் மூளை முழுக்கப் பரவியிருந்தது.

முடிவெட்டும் சவரிமுத்து கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார்.

“யாருங்க சார்?”

“பைக்ல இருந்து விழுந்த பொண்ணு. இருபது வயசு.”

“பொழச்சிருமா?”

மருத்துவர் இல்லையென்று தலையை லேசாக அசைத்தார். ‘ஆபரேஷனால் பயனில்லை. வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்’ என்று மருத்துவமனைக்கு எழுதி அனுப்பினார்.

“ம், வெட்டுங்க.”

சவரிமுத்து கத்தரியைக் கீழே வைத்தார். அவருடைய இன்னொரு கை மருத்துவரின் உச்சந்தலையிலேயே இருந்தது. அதை எடுக்கச் சொல்ல மருத்துவருக்கு மனம் வரவில்லை. கண்களை மூடிக்கொண்டார்.