ஒரே ஒரு சீட்

“அண்ணி, சங்கதி தெரியுமா? அந்தப் பாவி அந்தக் காரைத் தூசி தட்டி எடுத்துட்டான்! ரேஸ் டிராக்ல ஓட்டப் போறானாம்!”

நாத்தனார் வாசலில் நின்றபடியே போட்ட கூச்சலில் தையல்காரம்மா திரும்பிப் பார்த்தாள். தைத்துக்கொண்டிருந்த சட்டைக் காலர் கோணிப் போனது.

“எந்தக் கார்?”

“எதுவா? நம்ம பிள்ளையோட ரெண்டு காலையும் காவு வாங்கிச்சே, அதுதான்!”

அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும் என்றுதான் தையல்காரம்மா மனசைத் தேற்றி வைத்திருந்தாள். அது சுருட்டையின் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் மூன்று வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்தது அவளுக்குத் தெரியாது.

சுருட்டை அவள் மகனின் உயிர் நண்பன். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மழை ரோட்டில், வளைவில், காரைக் கவிழ்த்தவனும் அவன்தான். ஓட்டியவனுக்கு வெறும் சிராய்ப்பு. பக்கத்து சீட்டில் இருந்த அவள் மகன் அன்றிலிருந்து சக்கர நாற்காலியில். அதற்குப் பிறகு சுருட்டையை அவள் வாசற்படி மிதிக்க விடவில்லை. மகன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான், அவள் மசியவில்லை.

போட்டது போட்டபடி கிளம்பினாள். நாத்தனாரும் பின்னாலேயே ஓடினாள். வேடிக்கை பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

கொட்டகைக் கதவைத் தள்ளிய தையல்காரம்மா அப்படியே விக்கித்து நின்றாள்.

அதே கார். துருவைச் சுரண்டி, ஒடுக்கு எடுத்து, புது டயர் போட்டு நின்றது. தரை விரிப்பு, ஏ.சி., பாட்டுப் பெட்டி, பின் சீட் எல்லாவற்றையும் எடை குறைய வேண்டும் என்று கழற்றி மூலையில் குவித்திருந்தான். உள்ளே கனத்த இரும்புக் குழாய்களை வளைத்து ஒரு கூண்டு மட்டும் வெல்டிங் வைத்திருந்தான்.

காருக்கு அடியிலிருந்து வெளியே வந்த சுருட்டைக்கு அவளைக் கண்டதும் முகம் வெளுத்துப் போனது.

“அம்மா... நீங்களா?”

“யாருடா உனக்கு அம்மா? இது என்னடா கூண்டு?”

“கார் உருண்டாலும் உள்ள இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா.”

“ஓகோ! உன் உயிர் மட்டும் வெல்லக்கட்டியா? அன்னைக்கு எங்கடா போச்சு இந்தக் கூண்டு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அண்ணி, இங்க வந்து பாருங்க,” கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த நாத்தனார் கூவினாள். “ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு!”

“பக்கத்து சீட் எங்கடா?”

“கழட்டிட்டேம்மா. இனிமே இதுல யாரும் யாரையும் பக்கத்துல உட்கார வச்சு ஓட்டக் கூடாது.”

தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அடப்பாவி! என் பிள்ளை உட்கார்ந்த இடத்தையே பிடுங்கி எறிஞ்சிட்டியா? கண்ணுல படலேன்னா மனசு உறுத்தாதுன்னு நினைப்பா?”

“ரோட்டுல ஓட்ட இல்லம்மா. டிராக்ல, ஆசைக்கு ஓட்டுறவங்களுக்குன்னு ஒரு நாள் விடுவாங்க. ஆம்புலன்ஸ், டாக்டர் எல்லாம் பக்கத்துலயே...”

“ஆசையா? என் பிள்ளை ஜன்னல் ஓரமா உட்கார்ந்து போற வர்ற வண்டியைப் பார்த்துக்கிட்டு இருக்கான். கட்டில்ல ஏறணும்னா என் தோளைப் பிடிக்கணும். உனக்கு ஆசை கேட்குதா?” அவளுக்கு மூச்சு வாங்கியது. “ஏறுடா! என் கண் முன்னாடி ஓட்டு. உன் நெஞ்சு எவ்வளவு கல்லுன்னு நானும் பார்க்கிறேன்.”

“என்னால முடியாதும்மா.”

“ஏன், இப்பதான் பயம் வந்திருக்கா?”

“அன்னைக்கு அப்புறம் நான் எந்த வண்டியையும் தொட்டு ஓட்டினதில்லம்மா. ரிப்பேர் பண்றதோட சரி. வேலைக்குக்கூட நடந்துதான் போறேன்.”

நாத்தனார் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். “நல்லா இருக்கே கதை! அப்போ இதை எந்த மகராசன் ஓட்டப் போறான்?”

சுருட்டை டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

தையல்காரம்மா குனிந்து பார்த்தாள். காலடியில் ஆக்ஸிலேட்டர் இல்லை. பிரேக் இல்லை. மிதிப்பதற்கு ஒரு பெடல்கூட இல்லை. எல்லாம் ஸ்டீயரிங்குக்கு அடியில், கையால் இழுக்கவும் தள்ளவும் தோதாகக் கைப்பிடிகளாக மாறியிருந்தன. சக்கர நாற்காலியிலிருந்து அப்படியே நகர்ந்து சீட்டுக்கு வர வழவழப்பாக ஒரு பலகை.

“அவன்தாம்மா போன்ல கேட்டான்,” சுருட்டை சொன்னான். “‘ஒரே ஒரு தடவை நானே ஓட்டணும்டா’ன்னான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் ரெண்டு பேருக்கும் தெரியல. நீங்க வேண்டாம்னா இப்பவே எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடறேன்.”

தையல்காரம்மா சீட்டில் தொங்கிய பெல்ட் வார்களை இழுத்து இழுத்துப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இதை இடுப்புல இன்னும் ரெண்டு விரல் பிடிக்கணும்ப்பா. அவன் இப்போ ரொம்ப இளைச்சிட்டான்.”